பாசுட்டோலாந்து மருந்துக் கொலைகள் (1940-கள்): தூக்குத் தண்டனை நீதி ஆகுமா?

#1 செந்தூரன்

வணக்கம். வேறொரு இழையில் பேச்சு திசைமாறுகிறது என்று நண்பர்கள் சொன்னதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். அங்கே பலரும் இதை "நரபலி" என்று எழுதினார்கள். நரபலி என்றால் வாங்கிக்கொள்ள ஒரு தெய்வம் வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கு நடுவே அன்று பாசுட்டோலாந்து என்றும் இன்று லெசோத்தோ என்றும் நாம் சொல்லும் அந்த மலைநாட்டில் நடந்தவற்றில் தெய்வமும் இல்லை, பூசையும் இல்லை. மருந்துக்காக ஆளைக் கொன்றார்கள். செசோத்தோ மொழியில் இதற்குத் திரெட்லோ என்று பெயர். ஒரு மாட்டுக் கொம்பு. அதற்குள் கருக்கிப் பொடித்த மூலிகையும் கொழுப்பும் கலந்த கரிய மருந்து. அந்தக் கொம்பை லெனாக்கா என்பார்கள். தலைவனின் செல்வாக்கையும் துணிவையும் காப்பது அதுதான் என்று நம்பினார்கள். வீரியம் குறைந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னால் மனிதச் சதை சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். உயிர் இருக்கும்போதே எடுத்தால்தான் பலிக்கும் என்றும் சொல்வார்கள். போர்க் காலத்தில் வீழ்ந்த எதிரியிடமிருந்து எடுத்ததை, போர்கள் ஓய்ந்தபின் சொந்த ஊராரிடமிருந்தே எடுத்தார்கள்.

இறந்தவரைப் பெரும்பாலும் செங்குத்தான பாறைக்கு அடியிலோ ஆற்றோரத்திலோ போட்டுவிடுவார்கள். தவறி விழுந்ததாகத் தெரிய வேண்டும். அந்த நாட்டில் பாறைக்குப் பஞ்சமே இல்லை.

இனி அரசியல் பக்கம். பசோத்தோ மக்களை ஒன்றுதிரட்டிய மொஷ்வேஷ்வே, போயர்களிடம் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) நிலத்தை இழந்துகொண்டிருந்தபோது ஆங்கிலேயரின் பாதுகாப்பைக் கேட்டார். 1868-ல் நாடு பிரிட்டிஷ் கொடிக்குக் கீழ் வந்தது. 1871-ல் தெற்கே இருந்த பிரிட்டிஷ் கேப் காலனியோடு சேர்த்தார்கள். துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது 1880-81-ல் போர் வெடித்தது. 1884-ல் லண்டனே நேரடியாக ஆளத் தொடங்கியது. ஆனால் ஊரை உண்மையில் நடத்தியவர்கள் தலைவர்கள். வழக்கை விசாரித்தது, அபராதம் வாங்கியது, வழிதவறிய மாட்டைப் பிடித்துக்கொண்டது, தங்கள் வயலில் ஊராரை உழவைத்தது எல்லாம் அவர்கள்தான். ஒவ்வொரு தலைவரும் தன் மகன்களுக்கு ஒவ்வோர் ஊராகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போனதால் தலைவர்களும் பெருகினார்கள்.

1935-ல் சர் ஆலன் பிம் வந்து பார்த்துவிட்டு இந்தத் தலைவர் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார். (நம் நாட்டில் ஐசிஎஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.) 1938-ல் இரண்டு பிரகடனங்கள் வந்தன. அரசிதழில் பெயர் வந்தால்தான் இனி தலைவர். 1946-ல் தேசியக் கருவூலம் வந்தது. 1,300-க்கும் மேல் இருந்த தலைவர்களின் நீதிமன்றங்கள் சுமார் 120 ஆயின. அபராதமும் மாடும் கருவூலத்துக்குப் போயின. தப்பியவர்களுக்குச் சம்பளம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

மருந்துக் கொலைகள் திடீரென்று பெருகியதும் அதே 1940-களில்தான்.

1948-ல் இரண்டு பெரிய தலைவர்களைக் கைது செய்தார்கள். ஒருவர் பெரெங் கிரிஃபித். மறைந்த உச்சத் தலைவர் கிரிஃபித்தின் மகன். இன்னொருவர் மாமாத்தே பகுதியின் தலைவர் கபாஷானே மசூபா, மொஷ்வேஷ்வேயின் மகன் மசூபாவின் வழிவந்தவர். இருவருக்கும் மரண தண்டனை. லண்டனுக்குப் போன முறையீடும் கைகொடுக்கவில்லை. 1949 ஆகஸ்டில் மசேருவில் தூக்கிலிட்டார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலைகள் உண்மை. செத்தவர்களுக்கு நீதி கிடைத்தே ஆகவேண்டும். ஆனால் தலைவர்களை அந்தக் கொம்பை நோக்கித் தள்ளிய பயத்தை உண்டாக்கியதில் தண்டனை கொடுத்த அரசுக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

#2 கரிசல்

செந்தூரன், உழைத்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் "கொலைகள் உண்மை" என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? அந்த நாட்டு மக்களே அன்று நம்பவில்லையே. லெகோட்லா லா பாஃபோ என்ற இயக்கம், அதாவது சாமானியர் மன்றம், 1919-ல் ஜோசியல் லெஃபேலா தொடங்கியது. இதெல்லாம் தலைவர்களை இழிவுபடுத்த வெள்ளைக்காரன் கட்டிய கதை என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

காலத்தையும் பாருங்கள். 1909-ன் தென்னாப்பிரிக்கச் சட்டத்திலேயே பாசுட்டோலாந்தைப் பிற்பாடு தென்னாப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்த்துக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். 1948 மே மாதம் நிறவெறியைக் கொள்கையாகக் கொண்ட மலானின் தேசியக் கட்சி அந்த ஒன்றியத்தில் ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டில் இந்தக் கைதுகள். "இவர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது, காட்டுமிராண்டிகள்" என்று உலகத்துக்குக் காட்ட இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? காலனி அரசின் போலீஸ் கோப்பை நாம் ஏன் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்?

#3 நிலா_வாசகி

எனக்கு ஒரு கேள்வி. செந்தூரன் அண்ணா எழுதியதில் பெரெங் பெயர் இருக்கிறது, கபாஷானே பெயர் இருக்கிறது, கரிசல் அண்ணா லெஃபேலா பெயரைச் சொல்கிறார். செத்தவர்கள் யார்? எதிரிக் கூட்டத்தாரா, அநாதைகளா, யாருமற்றவர்களா?

#4 செந்தூரன்

கரிசல் சொன்ன பயம் நியாயமானது. ஒன்றியத்தோடு சேர்த்துவிடுவார்களோ என்று பசோத்தோ மக்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். லெஃபேலாவின் பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கட்டுக்கதை என்பதற்கு எதிராக இரண்டு விஷயம் நிற்கிறது. பதிவான சந்தேக மரணங்கள் 1895-லிருந்தே தொடங்குகின்றன, அப்போது மலான் ஆட்சி எங்கே இருந்தது? 1966-ல் நாடு சுதந்திரம் பெறும் வரைக்கும் எடுத்தால் 200-க்கும் மேல் வருகிறது. இரண்டாவது, சாட்சி சொன்னவர்கள் பசோத்தோ மக்கள். தன் தலைவனுக்கு எதிராகக் கூண்டில் ஏறிவிட்டு அதே ஊருக்குத் திரும்பிப்போய் வாழவேண்டியவர்கள். எல்லோரையுமா போலீஸ் விலைக்கு வாங்கியது?

நிலா, இறந்தவர்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். சாதாரண ஆண்கள், பெண்கள், சில சமயம் குழந்தைகள். கொன்றவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான், சில வழக்குகளில் உறவினர்கள். சோள மதுக் கூட்டத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் பிடிபட்டவர்கள் பலர். இன்னார்தான் வேண்டும் என்று வைத்தியரும் தலைவரும் முன்கூட்டியே முடிவு செய்வதும் உண்டு. அவர்கள் பெயர்களை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டது என்னைத் தைக்கிறது. இவ்வளவு எழுதியும் அவர்களைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன்.

#5 வக்கீல்_பாண்டி

மதுரையில் கிரிமினல் பக்கம் 22 வருடமாக வழக்கு நடத்துகிறேன். சரித்திரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, சாட்சியம் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட வழக்கில் அரசுத் தரப்புக்குக் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் நடந்தது. சுற்றி இருந்த அத்தனை பேரும் அதில் பங்கெடுத்தவர்கள். உடல் நாலு நாள் கழித்துப் பாறைக்கு அடியில் கிடைக்கிறது. கழுகு, நரி எல்லாம் தொட்டிருக்கும். இந்தக் காயம் கத்தியாலா, மிருகத்தாலா, விழுந்ததாலா என்று அரசு மருத்துவர் பிரித்துச் சொல்லவேண்டும். அதற்கு மேல் என்ன நடந்தது என்று சொல்ல ஒரே வழி, பங்கெடுத்தவர்களில் ஒருவனைப் பிரித்தெடுத்து அவனுக்கு மன்னிப்பு கொடுத்துப் பேசவைப்பது. நாம் அப்ரூவர் என்கிறோம்.

அப்ரூவர் சாட்சியத்தில் இருக்கும் விஷம் எங்கள் தொழிலில் ஜூனியருக்கும் தெரியும். நடந்தது முழுவதும் அவனுக்குத் தெரியும், ஆகவே கதை தத்ரூபமாக இருக்கும். ஐந்து பேர் செய்ததில் நாலு பேர் பெயரைச் சரியாகச் சொல்லி, ஐந்தாவதாகத் தன் அண்ணனுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரனைச் சொருகிவிடலாம். எவ்வளவு குறுக்கு விசாரணை செய்தாலும் அசையாது. 2024 வரை நடைமுறையில் இருந்த நம் 1872 சாட்சியச் சட்டத்தில் 133-ம் பிரிவு, கூட்டாளி சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதம் இல்லை என்றது. 114-ன் பி விளக்கம், துணைச்சான்று, அதாவது அவன் சொல்வதை உறுதிசெய்யும் வேறு சாட்சியம், இல்லாமல் அவனை நம்பாதே என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படித்தோம்.

பாசுட்டோலாந்தில் இருந்த நிலைமை: கூட்டாளி ஒருவன் சொன்னாலே போதும், குற்றம் நடந்தது என்பதற்கு வேறு சாட்சியம் இருந்தால் தண்டிக்கலாம். குற்றம் நடந்ததற்குத்தான் வேறு சாட்சியம். இந்த எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், செய்தான் என்பதற்குக் கட்டாயம் இல்லை. உடலே முதல் பாதிக்குப் போதும். இரண்டாம் பாதி அப்ரூவர் வாய்ச்சொல். ஜூரி கிடையாது. ஆங்கிலேய நீதிபதி, அவருக்கு ஆலோசனை சொல்ல அசெசர்கள், சாட்சியம் செசோத்தோவில், பதிவு ஆங்கிலத்தில், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அங்கேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1955 வரைக்கும் கிடையாது. உயர் நீதிமன்றம் தூக்கு என்றால் அடுத்த படி லண்டன் பிரிவி கவுன்சில்தான். ஒரு மலைக்கிராமத்து மனிதனுக்கு லண்டன் படி எட்டுமா?

அந்தப் பிரிவி கவுன்சிலுக்கே இந்த ஆபத்து தெரிந்திருந்தது. துமஹோலே பெரெங் வழக்கு என்று ஒன்று, பாசுட்டோலாந்திலிருந்து போனது, 1949 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. (தூக்கிலிடப்பட்ட பெரெங் வேறு, இவர் வேறு.) எதிரி சொன்னது பொய் என்று கோர்ட் முடிவு செய்ததாலேயே அப்ரூவருக்குத் துணைச்சான்று கிடைத்துவிடாது என்று லார்ட் மெக்டெர்மட் தெளிவாக எழுதினார். அதே காலத்தில் ஒரிசாவிலிருந்து போன புபோனி சாஹு வழக்கிலும் அப்ரூவர் பிரச்சினைதான். அதில் எதிரி விடுதலை ஆனார். இன்றும் நாங்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. ஒரே கவுன்சில், ஒரே காலம், நம் ஊர் வழக்கும் அந்த மலைநாட்டு வழக்கும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன. படிக்கும்போது எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆகவே கரிசல் தம்பிக்கு: எல்லாம் ஜோடனை என்று சொல்ல மாட்டேன். செந்தூரனுக்கு: எல்லாத் தண்டனையும் சரி என்றும் சொல்ல மாட்டேன். கொலை நடந்தது என்பதும் இந்த ஆள்தான் செய்தான் என்பதும் கோர்ட்டில் இரண்டு வேறு கேள்விகள்.

#6 கரிசல்

பாண்டி அண்ணன் பதிவை இரண்டு முறை படித்தேன். குற்றம் நடந்ததற்கு மட்டும் வேறு சாட்சியம் போதும் என்ற இடம் எனக்குப் புதிது. அதைத்தான் நானும் கேட்கிறேன், சாட்சிகளைப் போலீஸ் தன் காவலிலேயே வைத்துக்கொண்டிருந்தால் ஐந்தாவது ஆளின் பெயரை யார் முடிவு செய்கிறார்கள்?

#7 வக்கீல்_பாண்டி

சரியான கேள்வி. காவலில் வைத்த சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. வெளியே விட்டிருந்தால் தலைவனின் ஆட்கள் மிரட்டியிருப்பார்கள் என்பதும் நிஜம்.

#8 ஜோபர்க்_சுரேஷ்

பதினோரு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன், வேலை கணினித் துறை. இங்கே இதை முத்தி கொலை என்பார்கள். முத்தி என்றால் மருந்து, சாதாரணத் தலைவலி மாத்திரைக்கும் அதே சொல்தான். தெருவோரத்தில் வேரும் பட்டையும் விற்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் நல்ல வைத்தியர்கள். ஒரு கொடுமையை வைத்து அவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பேசும்போது அவர்களுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கையும் சட்டமும் முட்டிக்கொண்ட இன்னொரு வழக்கு இங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். 1933, ம்பொம்பேலா வழக்கு. 18, 20 வயது கிராமத்துப் பையன். இருட்டான குடிசைக்குள் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிகின்றன. வெளியே பிள்ளைகள் பயந்து கத்துகிறார்கள். டிக்கலோஷே என்ற குட்டிப் பிசாசு என்று நினைத்துக் கோடாரியால் வெட்டிவிட்டான். வெளியே இழுத்துப் பார்த்தால் அவன் அக்காளோ அண்ணனோ பெற்ற பிள்ளை, ஒன்பது வயது. கீழ்க் கோர்ட்டில் தூக்கு. மேல் கோர்ட் அதைக் கொலை அல்லாத மரணமாக மாற்றி 12 மாதக் கடுங்காவலாகக் குறைத்தது. ஆனால் அறிவுள்ள சராசரி மனிதன் என்ற அளவுகோல் எல்லா இனத்துக்கும் ஒன்றுதான், அந்த மனிதன் டிக்கலோஷேயை நம்பமாட்டான் என்று எழுதிவிட்டார்கள். அந்த நாட்டில் பெரும்பான்மையோர் நம்பிய ஒன்று "சராசரி"யில் சேரவில்லை.

ஆனால் பாசுட்டோலாந்து வேறு. ம்பொம்பேலா பயந்து வெட்டியவன். திரெட்லோவில் ஆளைத் தேர்ந்தெடுத்து, நாள் குறித்து, ஆட்களைக் கூப்பிட்டுச் செய்கிறார்கள்.

#9 நிலா_வாசகி

கூப்பிட்ட ஆட்கள் ஏன் போனார்கள்? அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லையா?

#10 செந்தூரன்

தலைவன் சொன்னால் மறுக்க முடியாது என்பதுதான் வழக்குக்கு வழக்கு அவர்கள் சொன்ன பதில். நிலம் ஒதுக்கித் தருபவன் அவன். மேய்ச்சலுக்கு இடம் சொல்பவன் அவன். வழக்கு வந்தால் நீதிபதியும் அவன். இன்னொன்று, விஷயம் காதில் விழுந்தபின் மறுத்தால் அடுத்த முறை நீதான் என்ற பயம்.

ஜோன்ஸ் அறிக்கையைப் பற்றி முதல் பதிவில் சொல்ல விட்டுவிட்டேன். தூக்குத் தண்டனைகள் நடந்த 1949-லேயே ஜி.ஐ. ஜோன்ஸ் என்ற மானிடவியலாளரை அரசு அனுப்பியது. நைஜீரியாவில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். அறிக்கை 1951-ல் வெளிவந்தது. அவர் காரணம் தேடிப் போனது மக்களின் "அறியாமை"க்குள் அல்ல. பதவிச் சண்டைக்குள் போனார். கிரிஃபித் 1939-ல் இறந்தார். அடுத்து வந்த மகன் சேயீசோ அடுத்த ஆண்டே இறந்தார். சேயீசோவின் மனைவி மான்ட்செபோ 1941-ல் சிறுவயது வாரிசுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அந்தப் பொறுப்பு தனக்கு வரவேண்டும் என்று பெரெங் உயர் நீதிமன்றத்துக்கே போய்த் தோற்றார். மேலே இப்படி என்றால், கீழே அரசிதழில் பெயர் வருமா வராதா என்று ஒவ்வொரு சிறு தலைவனும் நடுங்கிக்கொண்டிருந்தான். ஒருவன் கொம்பைப் பலப்படுத்தினான் என்று வதந்தி வந்தாலே எதிராளி தன் கொம்பைத் தேடினான். கொம்புகளுக்குள் நடந்த போர் என்கிற அளவுக்குப் பேச்சு இருந்தது. மான்ட்செபோவின் பெயரும் பேச்சில் அடிபட்டது, ஆனால் அவர்மேல் வழக்குத் தொடரவில்லை. அவரைத் தொட்டால் நாட்டை யாரை வைத்து நடத்துவது என்ற கணக்கு அரசுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

#11 கரிசல்

அப்படியானால் நான் சொல்வதற்குத்தானே வருகிறீர்கள்? பயத்தை விதைத்தவன் ரெசிடென்ட் கமிஷனர் (அங்கிருந்த தலைமை பிரிட்டிஷ் அதிகாரி) ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறான், அறுத்தவன் தூக்கில் தொங்குகிறான்.

#12 செந்தூரன்

பாதிதான் வருகிறேன், கரிசல். பதவி போகும் என்ற பயம் ஆயிரம் தலைவர்களுக்கு இருந்தது. கொலை செய்தவர்கள் அவர்களில் சிலர். பயந்தும் செய்யாதவர்கள் எத்தனையோ பேர். அரசு பயமுறுத்தியது, அதனால் கொன்றான் என்று முடித்துவிட்டால் செய்யாமல் இருந்தவர்களின் மனசாட்சிக்கு என்ன மரியாதை?

இன்னொரு விஷயம். மனிதரைக் காக்கும் சட்டம் வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்து இறங்கியது என்ற எண்ணமும் தவறு. 1855-ல், ஆங்கில ஆட்சி வருவதற்குப் பதிமூன்று ஆண்டுக்கு முன்னால், மொஷ்வேஷ்வே தானே ஒரு சட்டம் போட்டார். சூனியக்காரர் என்று சொல்லி யாரையாவது கொன்றால், கொன்றவருக்கு மரண தண்டனை. அது திரெட்லோவைப் பற்றியது அல்ல, சூனியக் குற்றச்சாட்டைப் பற்றியது. ஆனாலும் மந்திரத்தின் பெயரால் உயிரை எடுக்காதே என்று ஒரு பசோத்தோ அரசர் பசோத்தோ மக்களுக்கே சொல்லியிருக்கிறார். பெரெங்கும் கபாஷானேயும் அந்த மனிதரின் வழித்தோன்றல்கள்.

#13 மசேரு_மாஸ்டர்

தம்பிமார், பிள்ளை நிலா, எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் யாழ்ப்பாணத்தான். 1984-ல் வேலை கிடைத்து லெசோத்தோவுக்குப் போனேன். எங்களவர்கள் கொஞ்சப் பேர் அப்போது அங்கே கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டு இருந்தார்கள். என் பள்ளிக்கூடம் மலைப்பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஆட்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருப்பார்கள்.

ஒரு கிழவி வீட்டில் அறை எடுத்து இருந்தேன். எல்லோரும் போல அவரும் தடித்த கம்பளியைத் தோளில் போட்டுப் பெரிய ஊசியால் குத்திக்கொண்டு இருப்பார். ஜூன் மாதக் குளிரில் எனக்கும் ஒன்று தந்தார். சோளக் களியும் கீரையும் தருவார், எங்கட சாப்பாடு மாதிரித்தான். ஒரு பழக்கம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. பொழுது பட்டால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். பிறகு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், குரல் தெரிந்த ஆளாக இருந்தாலும் திறக்க மாட்டார். காலையில் வா என்பார். கள்ளர் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மாரியில் பனி கொட்டி இரண்டு நாள் பள்ளிக்கூடம் இல்லை. அடுப்படியில் இருக்கும்போது அவராகவே கதைத்தார். கலியாணம் முடித்து வந்த வருடம், 1948. கணவனின் சிறிய தகப்பன் ஒரு மதுக் கூட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. கூட்டிக்கொண்டு போனது அவருடைய கூட்டாளிதான், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் மாடு மேய்க்கிற பெடியன்கள் பாறைக்குக் கீழே கண்டார்கள். தவறி விழுந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. முதல் மூன்று நாளும் விடாமல் மழை. உடம்பை மூடியிருந்த கம்பளியை இந்தப் பெண்தான் எடுத்து மடித்திருக்கிறார். அது காய்ந்திருந்தது. மேற்பக்கம் மட்டுமல்ல, உட்பக்கமும், ஓரத் தையலும்கூட. இதைச் சொல்லும்போது தன் கம்பளியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துக் காட்டினார்.

அவ்வளவுதான் சொன்னார். யார் செய்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 83-க்குப் பிறகு புறப்பட்டு வந்தவன், சில வீடுகளில் சில கேள்வி கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

அந்த நாட்டில் ஒரு பழமொழி இருக்கிறது, பாடப் புத்தகத்திலும் வரும்: "மொரேனா கே மொரேனா கா பாத்து". மக்களால்தான் தலைவன் தலைவன். பிள்ளைகள் வகுப்பில் சத்தமாகச் சொல்லுவார்கள். கிழவிக்கு அது பிடிக்காது.

#14 நிலா_வாசகி

மாஸ்டர் ஐயா, நன்றி. அந்தக் கம்பளி ஓரத்தை விட்டு மனம் நகரவில்லை.

#15 கரிசல்

ஐயா, உங்கள் பதிவுக்குப் பிறகு "கட்டுக்கதை" என்ற சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மா கதவைத் தாழிட்டது எந்த வெள்ளைக்காரன் சொல்லியும் இல்லை. இந்தக் கொலைகளை ஆங்கிலேயர் தங்கள் ஆட்சிக்குச் சாட்சியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

#16 ஜோபர்க்_சுரேஷ்

கரிசல், ஆட்சி கைமாறினாலும் நீதி தானாக வந்துவிடுவதில்லை. பக்கத்து நாடு போட்ஸ்வானா 1966-லேயே சுதந்திரம் பெற்றது. 1994-ல் மொச்சுடி என்ற ஊரில் 14 வயதுப் பள்ளிப் பெண் இதே மாதிரிக் கொல்லப்பட்டாள். வசதியுள்ள பெரிய மனிதர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்று ஊரே சந்தேகப்பட்டது. 1995-ல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தலைநகர் கபொரோனே வரைக்கும் கலவரம் பரவியது. கடைசியில் ஸ்காட்லாந்து யார்டை வரவழைத்தார்கள். அந்த அறிக்கையை வெளியிடவில்லை. மக்களுக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

#17 வக்கீல்_பாண்டி

மாஸ்டர், தொழில் புத்தியில் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். மூன்று நாள் மழையில் கிடந்த உடல்மேல் காய்ந்த கம்பளி என்றால், உடலை மழை விட்டபிறகு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். விழுந்து செத்தவர் என்பது அந்த ஒன்றிலேயே அடிபடுகிறது. இதற்கு அப்ரூவர் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். எந்த எதிரியையும் இது காட்டிக்கொடுக்காது, சரி, ஆனால் கொலை என்று நிரூபிக்க இது போதும். போலீஸ் அந்த ஊருக்கு வந்ததா? அந்த அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினார்களா?

#18 மசேரு_மாஸ்டர்

தவறாக நினைக்கவில்லை தம்பி. நானும் அன்றைக்கே அதைத்தான் கேட்டேன்.

போலீஸ் வந்தது. குதிரையில் மூன்று பேர், இரண்டு நாள் இருந்தார்கள். தலைவரின் முற்றத்தில்தான் விசாரணை. ஆண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கணவனையும் கேட்டார்கள், அவர் கம்பளியைத் தொடவே இல்லை, அவருக்குத் தெரியாது. இந்தப் பெண் அந்த இரண்டு நாளும் அவர்களுக்குக் களி கிண்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பாத்திரத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாராம், யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று. ஒருவரும் கேட்கவில்லை.

கம்பளியைத் துவைத்து மாமியாருக்குப் போர்த்தக் கொடுத்துவிட்டார்.